எல்லைக்கு இந்தப் பக்கம் – 14: தோப்பு, பந்தி, வாசகசாலை

கோரிமேட்டில் விடிவதற்கு முன்பே ஓட்டம் தொடங்கிவிடுகிறது. ஜிப்மர் மருத்துவமனையில் சீட்டு வாங்க வரிசை போட வந்தவர்கள் டீக்கடை வாசலில் துண்டைப் போர்த்திக் குந்தியிருக்கும் நேரம். அவர்களைத் தாண்டி நாலைந்து பேராகப் பையன்களும் பெண்களும் ஓடுகிறார்கள். போன வாரம் ஒரு பெண்ணைப் பார்த்தேன். இருபது வயதிருக்கும். அண்ணனுடையதோ தம்பியுடையதோ, தோளில் தொளதொளத்த ஒரு பழைய டீசட்டை. அவள் அப்பா மொபெட்டைச் சாய்த்து நிறுத்திவிட்டுக் கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வந்து நின்றதும், "மூணு செகண்டு ஜாஸ்திம்மா" என்றார். அவள் பதில் சொல்லவில்லை. இடுப்பில் கை வைத்துக் குனிந்து மூச்சு வாங்கிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்ப நடந்தாள். காலணி முழுக்கச் செம்மண்.

காவலர் பயிற்சிப் பள்ளியும் ஆயுதப்படை மைதானமும் இங்கேதான். புதுச்சேரியில் ஒருவர் "கோரிமேடு வரைக்கும் போயிட்டு வரேன்" என்றால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பொருள். இல்லையென்றால் வீட்டுப் பிள்ளைக்கு போலீஸ் செலக்ஷன். 'பிசிக்கல்' தேறிவிட்டால் 'ரிட்டன்' பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சை அந்த டீக்கடையில் ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு முறை கேட்கலாம். அதே டீக்கடைச் சுவரில் ஒரு சுவரொட்டி: இளைஞர்களுக்கான தலைமைப் பண்பு, ஆளுமை மேம்பாட்டுப் பயிற்சி முகாம். ஒருநாள். மதிய உணவும் சான்றிதழும் உண்டு.

சென்ற இதழில் சுங்கச் சாவடிகளைப் பற்றிப் பேசினோம். இந்த இதழில் வேறு சரக்கு. இந்த எல்லைக்கு இந்தப் பக்கத்தில் கடந்த நூறாண்டுக்கு மேலாக இளைஞர்களை உட்கார வைத்தும் ஓட வைத்தும் 'தயார்' செய்த கதை. அந்தச் சுவரொட்டியைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் ஒரு தாடிக்காரர். அவரிடமிருந்தே தொடங்கலாம்.

*

அதற்கு முன் இடத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். கோரி என்றால் முஸ்லிம் சமாதி. மேடு என்பதற்கு விளக்கம் வேண்டாம். ஊருக்குள்ளிருந்து சைக்கிள் மிதித்து வந்தவர்களின் தொடையைக் கேட்டால் சொல்லும். கடலோரத்தில் தட்டையாகக் கிடக்கும் புதுச்சேரி, வடமேற்கே வரவர உயர்ந்து செம்மண் மேடாகிறது. கோரிமேடு, லாஸ்பேட்டை, அதற்குக் கிழக்கே கருவடிக்குப்பம் எல்லாம் இந்த மேட்டின் மேலும் சரிவிலும் உட்கார்ந்திருக்கும் ஊர்கள்தான். கோரிமேட்டைத் தாண்டிச் சில நிமிடம் நடந்தால் தமிழ்நாடு. நூறாண்டுக்கு முன் அது பிரிட்டிஷ் இந்தியா; இந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி. அங்கே ராஜத்துரோகம் என்று கைவிலங்கு மாட்டப்படும் ஆள், இங்கே வெற்றிலை போட்டுக்கொண்டு நடக்கலாம். இங்கிலீஷ் சர்க்காரின் ரகசியப் போலீசார் ஊருக்குள் மப்டியில் திரிந்தார்கள், தபாலைப் பிரித்தார்கள், ஆனால் கை வைக்க முடியாது. 1908இல் பாரதி வந்தார். 1910 ஏப்ரலில் அரவிந்தர் வந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் வ.வே.சு. ஐயர் வந்து சேர்ந்தார். அவர்தான் நம் தாடிக்காரர்.

வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர், 1881இல் திருச்சியில் பிறந்தவர். பாரிஸ்டர் ஆக லண்டன் போனார். இந்தியா ஹவுஸில் சாவர்க்கரோடு சேர்ந்தார். படிப்பை முடித்தும் ராஜ விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டேன் என்று சொல்லி, பட்டம் வாங்காமல் நின்றுகொண்டார். 1910இல் சாவர்க்கர் பிடிபட்டதும் பாரிஸுக்கு நழுவி, அங்கிருந்து வேஷம் மாற்றி, கடல் கடந்து புதுச்சேரிக்கு வந்தார். வழியில் ஒரு உளவாளி அவர் பெட்டியில் இருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துகளைக் கவனித்துவிட்டான் என்றும், தாடியும் தலைப்பாகையுமாக இருந்தவர் அசராமல் "வீர விக்கிரம சிங்" என்று விரித்துச் சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு. தமிழில் அவரைப் பற்றி எழுதியவர்கள் பலரும் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. நானும் விடவில்லை.

இன்றைய முகாம்களில் 'நெருக்கடியில் நிதானம்' என்று ஒரு மணி நேர வகுப்பு வைத்துத் திரையில் படம் காட்டுவார்கள். ஐயரிடம் வந்த பையன்களுக்கு அந்த வகுப்பே தேவைப்பட்டிருக்காது. ஆளே பாடம்.

ஐயர் மல்லர். குஸ்தி, சிலம்பம், குறி பார்த்துச் சுடுதல் எல்லாவற்றிலும் கை தேர்ந்தவர். கரிபால்டியைப் பற்றித் தமிழில் எழுதியவர். அவரைச் சுற்றி இளைஞர்கள் கூடினார்கள். சிலர் உள்ளூர்ப் பிள்ளைகள். சிலர் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேலையையும் வீட்டையும் விட்டு வந்தவர்கள். உடம்பை இறுக்கு, நெஞ்சைத் துணி, வரலாற்றைப் படி என்பது பாடத்திட்டம். சுடும் பயிற்சி நடந்த இடம் என்று நூல்கள் குறிப்பது கரடிக்குப்பம். இன்றைய கருவடிக்குப்பம்தான் அது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். கோரிமேட்டிலிருந்து கிழக்கே சைக்கிளில் போகிற தூரம். பாரதியின் 'குயில் பாட்டு' பிறந்த மாந்தோப்பும் அங்கேதான் இருந்தது. முத்தியால்பேட்டை கிருஷ்ணசாமி செட்டியாரின் தோப்பு அது. பாரதி அவருக்கு வைத்த செல்லப் பெயர் வெல்லச்சுச் செட்டியார். ஒரே செம்மண் மேட்டில் குயிலும் கூவியிருக்கிறது, துப்பாக்கியும் வெடித்திருக்கிறது.

*

1911 ஜனவரியில் வந்த ஓர் இளைஞர் செங்கோட்டைக்காரர். திருவிதாங்கூர் வனத்துறையில் புனலூரில் வேலை. பெயர் வாஞ்சிநாதன். ஐயரிடம்தான் அவர் சுடக் கற்றார் என்பது புதுவையில் எல்லோரும் நம்பும் செய்தி. அந்த ஆண்டு ஜூன் 17ஆம் தேதி, மணியாச்சி ரயில் நிலையத்தில் நின்ற வண்டியின் முதல் வகுப்புப் பெட்டியில் ஏறி, திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டார். பிறகு ஓடி ஒளிந்து தன்னையும் சுட்டுக்கொண்டார். வயது இருபத்தைந்து. வழக்கில் பதினான்கு பேர் நிறுத்தப்பட்டார்கள். முதல் குற்றவாளி நீலகண்ட பிரம்மச்சாரிக்கு வயது இருபத்தொன்று. ஏழாண்டு தண்டனை.

அந்த வழக்கில் அப்ரூவர் ஆனவர் சொன்ன சாட்சியத்தில் ஒரு சடங்கு வருகிறது. தென்காசிப் பக்கத்தில் அவர்களுடைய ரகசிய அமைப்பான பாரத மாதா சங்கத்தில் சேருகிறவர்கள் காளி படத்துக்கு முன் குங்குமம் கரைத்த நீரை, வெள்ளையன் ரத்தம் என்று பாவித்துக் குடித்தார்களாம். பெருவிரலைக் கீறி ரத்தக் கைநாட்டு வைத்தார்களாம். தலைமைப் பயிற்சியில் இதுவும் ஒரு வகை. பையனை ஒரு நொடியில் பெரியவனாக்கி, திரும்பி வரும் வழியை அடைத்துவிடுவது. வாஞ்சியின் துணிச்சலைக் குறைத்துப் பேச நான் இதை எழுதவில்லை. இருபது வயதுப் பிள்ளைக்குச் சாகச் சொல்லிக்கொடுப்பது சுலபம் என்பது என் எண்ணம். சுட்ட பிறகு என்ன செய்வது என்பதற்கு அந்தத் தோப்பில் பாடம் இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு என்ன ஆனது என்றால், இங்கிலீஷ்காரன் பிரெஞ்சுக்காரனை நெருக்கினான். 1912இல் புதுச்சேரியில் ஒரு சட்டம் வந்தது. வெளியூர்க்காரர்கள் இங்கே தங்க வேண்டுமானால் ஊரில் மதிப்புள்ள ஐந்து பேர் கையெழுத்துப் போட்டு ஜாமீன் சொல்ல வேண்டும். சுதேசிகளை, அதாவது இங்கே தஞ்சம் புகுந்த தேசபக்தர்களை, அள்ளிக்கொண்டு போக வசதியாகப் பின்னிய வலை அது. கலவை சங்கர செட்டியார் போன்ற உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்டார்கள். வலை அறுந்தது. தலைமைப் பண்பு என்று எதையாவது காட்டச் சொன்னால் நான் அந்தக் கையெழுத்துகளைக் காட்டுவேன். மேடை இல்லை, கோஷம் இல்லை. கலெக்டர் ஒருவர் கொல்லப்பட்ட மறு ஆண்டில், போலீஸ் கண் வைத்த ஆட்களுக்காகத் தன் பெயரையும் வியாபாரத்தையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுப்பது சாதாரணக் காரியமா?

*

1914இல் போர் மூண்டது. செப்டம்பரில் எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போனது. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் இப்போது ஒரே கட்சி. சுதேசிகளை ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. எந்த நேரமும் தூக்கிக்கொண்டு போவார்கள் என்ற அந்த நாட்களில், ஐயர் உட்கார்ந்து திருக்குறளை இங்கிலீஷில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். 1916இல் நூல் வெளிவந்தது. 'குளத்தங்கரை அரசமரம்' கதையும் இந்தப் புதுச்சேரி நாட்களில் எழுதியதுதான். கம்பனில் மூழ்கியதும் இங்கேதான். துப்பாக்கி பிடித்த கை ஏட்டைப் புரட்டத் தொடங்கிய மாற்றத்தை நாம் போதிய அளவு யோசிக்கவில்லை என்று எனக்குத் தோன்றும். ஆஷ் கொலை அவரை என்ன செய்தது? அவர் நேராக எழுதி வைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்தவற்றைப் பார்த்தால், பையன்களை வேறு மாதிரி வளர்க்க வேண்டும் என்ற எண்ணம் உள்ளுக்குள் ஊறிக்கொண்டிருந்தது தெரியும்.

இதே காலத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் வேறொரு பயிற்சி பரவிக்கொண்டிருந்தது. 1907இல் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் இருபது பையன்களை வைத்துக் கூடாரம் அடித்த பேடன் பவல் தொடங்கிய சாரணர் இயக்கம். இந்தியாவில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் மட்டும் அதில் இடம். நம் பிள்ளை தொப்பி போட்டால் ராஜ்யம் கவிழ்ந்துவிடும் என்ற பயம் போலும். அன்னி பெசன்ட் பார்த்தார். 1916இல் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனிச் சாரணர் சங்கம் தொடங்கி, தொப்பிக்குப் பதில் தலைப்பாகை கட்டிவிட்டார். 1921இல் பேடன் பவலே சென்னைக்கு வந்து சமரசம் பேசி அதைத் தன் இயக்கத்தில் சேர்த்துக்கொண்டார். ஐயரின் குறள் மொழிபெயர்ப்பும் பெசன்டின் சாரணரும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயல். இளைஞனை யார் வளர்ப்பது என்ற போட்டி அந்த ஆண்டுகளில் எல்லோர் மனத்திலும் இருந்தது தற்செயல் அல்ல.

போர் முடிந்து பொதுமன்னிப்பு வந்தது. 1920இல் ஐயர் எல்லையைக் கடந்தார். 'தேசபக்தன்' ஆசிரியரானார், எழுத்துக்காக ஒன்பது மாதம் பெல்லாரிச் சிறையில் இருந்தார். வெளியே வந்து 1922இல் அவர் தொடங்கியதுதான் தமிழ்க் குருகுலம். கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிச் சேரன்மாதேவிக்கு மாறியது. பரத்வாஜ ஆசிரமம் என்று பெயர்.

*

சேரன்மாதேவி, தாமிரபரணிக் கரை. இலக்கியம், கைத்தொழில், உடற்பயிற்சி, நாட்டுப்பற்று எல்லாம் சேர்த்துத் தமிழ்ப் பிள்ளையை முழு மனிதனாக்குவது திட்டம். இன்று எந்த ஆளுமை மேம்பாட்டு நிறுவனத்தின் கைப்பிரதியை எடுத்தாலும் இந்தப் பட்டியல்தான் வேறு சொற்களில் இருக்கும். ஐயரிடம் பட்டியலை நடத்திக் காட்டும் தகுதியும் இருந்தது. நீந்துவார், எழுதுவார், கம்பனைச் சொல்வார், கர்லா சுற்றுவார். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி ஐந்தாயிரத்தை முதலில் கொடுத்தது. செட்டிநாட்டிலிருந்தும் கடல் கடந்த தமிழரிடமிருந்தும் நன்கொடை வந்தது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பிராமணரல்லாதார்.

உடைந்தது சாப்பாட்டு அறையில்.

இரண்டு பிராமணப் பிள்ளைகளின் பெற்றோர், தங்கள் பிள்ளைகள் தனியாக உண்ண வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஐயர் ஒப்புக்கொண்டுவிட்டார். குருகுலத்தில் தனிப் பந்தி, தனித் தண்ணீர்ப் பானை என்ற செய்தி வெளியே வந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தான். அவன் வீட்டுக்கு வந்து சொன்னதுதான் பெரியாரின் காதுக்குப் போனது என்பார்கள். நம் கோரிமேடு வழியாகப் போகிற திண்டிவனம் சாலைப் பக்கம்தான் ஓமந்தூர். பின்னாளில் சென்னை மாகாணப் பிரதமரான அதே ஓமந்தூரார்தான். பிராமணப் பிள்ளைகளுக்கு உப்புமா, மற்றவர்களுக்குப் பழைய சோறு என்று பெரியார் பல மேடைகளில் சொன்னார்.

ஐயரை எனக்குப் பிடிக்கும் என்பதால் இந்த இடத்தில் கை கொஞ்சம் தயங்குகிறது. அவர் சாதி பார்த்து உண்டவர் இல்லை. லண்டனிலும் பாரிஸிலும் யாரோடெல்லாம் உண்டிருப்பார்! பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்று அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். 1925 மார்ச்சில் காந்தி சென்னைக்கு வந்தபோது விவகாரம் அவரிடம் போனது. வாக்குக் கொடுத்த அந்த இரண்டு பிள்ளைகள் மட்டும் தனியே உண்ணட்டும், இனிச் சேரும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரட்டும் என்று காந்தி சமரசம் சொன்னார். அப்போது காங்கிரஸ் தலைவர்களாக இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் ஏற்கவில்லை. பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்ற தீர்மானத்தைத் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியில் எஸ். ராமநாதன் கொண்டுவந்தார், நிறைவேறியது. ராஜாஜி உட்படச் சிலர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டு அரசியல் எந்தத் திசையில் போனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாநாட்டுச் செய்தியைப் பார்க்க ஐயர் இல்லை. ஜூன் மாதம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாபநாசத்துக்குப் போனார். கல்யாண தீர்த்தத்தின் அருகே மகள் சுபத்திரை கால் தவறி நீரில் விழுந்தாள். தாவிப் பிடிக்கக் குதித்தவர் திரும்பவில்லை. வயது நாற்பத்து நான்கு. துப்பாக்கிக்கும் தூக்குக்கும் தப்பியவர்.

*

ஒரு சொந்தக் கதை. சில ஆண்டுகளுக்கு முன்பு இப்படி ஓர் ஒருநாள் முகாமுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். எந்த அமைப்பு, எந்த மண்டபம் என்பது வேண்டாம். 'வரலாற்றில் இளைஞர் தலைமை' என்று தலைப்பு கொடுத்தார்கள். நான் சேரன்மாதேவிப் பந்தியைப் பற்றித்தான் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று நானே நினைத்துக்கொண்டேன், கை தட்டினார்கள். மதியம் பிள்ளைகள் வெயிலில் வரிசையில் நின்று பொட்டலம் வாங்கினார்கள். சாம்பார் சாதம், தயிர் சாதம், ஒரு அப்பளம். எங்களைக் குளிர்சாதன அறைக்கு அழைத்துப் போனார்கள். வாழையிலை, வடை, பாயசம். நான் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். கை கழுவ வெளியே வந்தபோது, காலையில் முன் வரிசையில் இருந்து குறிப்பெடுத்த ஒரு பையன் படிக்கட்டில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து எழுந்து நின்று, "சாப்டீங்களா சார்?" என்றான். மரியாதையாகத்தான் கேட்டான். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அந்தக் கேள்வி காதில் இருந்தது.

*

புதுச்சேரிக்குத் திரும்புவோம். ஆஷ் சுடப்பட்ட அதே 1911இல், பிப்ரவரி 7ஆம் தேதி இங்கே பிறந்தவர் வ. சுப்பையா. ஐயர் விட்டுப்போன இடத்திலிருந்து இவர் தொடங்கினார் என்று சொல்வது அலங்காரமாக இருக்கும். உண்மையில் வேறு இடத்திலிருந்து தொடங்கினார். 1930களின் தொடக்கத்தில் இருபது வயதுப் பையனாக அவர் கையில் எடுத்தவை இராமகிருஷ்ண வாசகசாலையும் பிரெஞ்சிந்திய வாலிபர் சங்கமும்.

வாசகசாலை என்றால் இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்து வாசகசாலை பெரும்பாலும் ஒரு திண்ணையோ ஒற்றை அறையோதான். ஒரு பெஞ்சு, ஒரு விளக்கு, சென்னையிலிருந்து ஒரு நாள் தள்ளி வரும் பத்திரிகை. படிக்கத் தெரிந்த ஒருவன் உரக்கப் படிப்பான். மற்றவர்கள் கேட்பார்கள், குறுக்கே கேள்வி போடுவார்கள். வாசிக்கிறவனுக்கு விளக்கம் சொல்லத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மறுநாள் தெரிந்துகொண்டு வர வேண்டும். பேச்சுப் பயிற்சி, பொது அறிவு, கூட்டத்தை அடக்குதல் எல்லாம் கட்டணமில்லாமல் வந்துவிடும். நான் பார்த்தவரை இதைவிட நல்ல பயிற்சி முறையை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

1933இல் சுப்பையா அரிசன சேவா சங்க வேலையில் இறங்கினார். சேரிக்குப் போவது, இரவுப் பள்ளி நடத்துவது. சேரன்மாதேவியில் சிக்கிய முள்ளை இங்கே முதலில் எடுத்துவிட்டுத்தான் நடந்தார்கள் என்பது என் வாசிப்பு. 1934 பிப்ரவரி 17ஆம் தேதி காந்தி புதுச்சேரிக்கு வந்தார். அழைத்து வந்ததில் இந்த இளைஞர்களுக்குப் பெரும் பங்கு. அந்த ஆண்டு ஜூனில் 'சுதந்திரம்' பத்திரிகை தொடங்கியது. ஆசிரியர் சுப்பையாவுக்கு வயது இருபத்து மூன்று.

பிறகு வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் ஆலை வாசலுக்குப் போனார்கள். சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று பஞ்சாலைகள். பிள்ளைகளும் பெண்களும் இருட்டில் போய் இருட்டில் திரும்பிய காலம். 1935இல் வேலைநிறுத்தம். 1936 ஜூலை 30இல் துப்பாக்கிச் சூடு. 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். 1937இல் எட்டு மணி நேர வேலையும் தொழிற்சங்கம் வைக்கும் உரிமையும் சட்டமாயின. தோப்பில் பயின்றவர்கள் ஒரு குண்டைச் சுட்டார்கள். வாசகசாலையில் பயின்றவர்கள் குண்டுகளை வாங்கிக்கொண்டு, ஒரு நாளின் வேலை நேரத்தை மாற்றினார்கள். இரண்டையும் தராசில் வைக்கச் சொன்னால் என் தட்டு எந்தப் பக்கம் தாழும் என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

*

கடற்கரைப் பக்கம் வேறொரு பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அரவிந்தர் ஆசிரமத்தில் 1943 டிசம்பர் 2ஆம் தேதி இருபது பிள்ளைகள் அளவில் ஒரு பள்ளி தொடங்கியது. போர் பயத்தில் வங்காளத்திலிருந்தும் வேறிடங்களிலிருந்தும் வந்து ஒதுங்கிய சாதகர் குடும்பங்களின் பிள்ளைகள். 1945இலிருந்து உடற்பயிற்சி முறையாக நடந்தது. ஆசிரமத்து அன்னை எழுபது வயதைத் தாண்டியும் டென்னிஸ் ஆடினார். 1940களின் இறுதியில் பெண் பிள்ளைகள் பையன்களைப் போலவே அரைக்கால்சட்டையில் மைதானத்தில் இறங்கியதைப் பார்த்து ஊர் வாயைப் பிளந்தது. மொபெட் அப்பாவின் மகள் இன்று கோரிமேட்டுச் சாலையில் கூச்சமில்லாமல் ஓடுவதற்கு எத்தனையோ காரணம். அந்தக் கால்சட்டையும் அதில் ஒன்றோ என்னவோ. ஆசிரமத்துக் கல்விமுறை தனி இதழுக்கு உரிய பொருள். இங்கே தொட்டுவிட்டு நகர்கிறேன்.

அரசாங்கத் திட்டங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1948இல் என்.சி.சி.; புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த பிறகுதான் இங்குள்ள பிள்ளைகளுக்கு அந்தக் காக்கி கிடைத்தது. காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24இல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம். 1972இல் நேரு யுவ கேந்திரா. 1985 முதல் விவேகானந்தர் பிறந்த ஜனவரி 12 தேசிய இளைஞர் நாள். இவற்றால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். பத்து நாள் கிராமத்தில் தங்கிச் சாலை போட்ட பிள்ளைகளில் சிலர் அந்தக் கிராமத்தை மறக்கவே இல்லை. 2022இல் 25ஆவது தேசிய இளைஞர் விழாவைப் புதுச்சேரி நடத்தியது. நாடெங்கிலுமிருந்து இளைஞர்கள் வந்து குவிய வேண்டிய விழா. கொரோனா மூன்றாம் அலை. பிரதமர் காணொலியில் தொடங்கிவைத்தார். பிள்ளைகளும் அவரவர் ஊரிலேயே திரை முன் உட்கார்ந்தார்கள். பந்தி விவகாரம் எழ வழியே இல்லாத ஒரே இளைஞர் கூட்டம் அதுவாகத்தான் இருக்கும்.

மறுபடி கோரிமேடு. வெயில் ஏறிவிட்டது. ஓடியவர்கள் டீக்கடைக்கு வந்தார்கள். வியர்வை காயாத ஒரு பையன் கைப்பேசியை எடுத்து யாருக்கோ பேசினான். "அண்ணே, ஓ நெகட்டிவ், ஒன்பது மணிக்குள்ள ஜிப்மர் பிளட் பேங்குக்கு வந்துருவீங்களா? குழந்தைக்குண்ணே." அங்கே குந்தியிருந்த ஒரு கிராமத்துப் பெரியவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உறவா என்று கேட்டேன். "இப்பதான் தெரியும் சார்" என்றான் பையன். தெரிந்தவர்கள் பெயரையும் ரத்த வகையையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறானாம். போலீஸ் செலக்ஷனில் போன முறை ஓட்டத்தில் போய்விட்டது, இந்த முறை பார்க்கலாம் என்றான்.

அடுத்த இதழில் 1936 ஜூலை 30. அதற்காக உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ பிரெஞ்சிந்திய வாலிபர் சங்கத்தின் ரசீதோ, அழைப்பிதழோ, 'சுதந்திரம்' பத்திரிகையின் பழைய பிரதியோ இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். இதழ் அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். நானே நேரில் வந்து பார்த்துப் படமெடுத்துக்கொண்டு, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

(தொடரும்)